துய்லோமா எழுந்து நின்ற திங்கட்கிழமை

ஃபலனிக்கோ உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. ஊர் ரக்பி அணியில் வருடக்கணக்காகத் தோள் கொடுத்துத் தள்ளிய உடம்பு அது. சமோவாவின் தலைநகர் அப்பியாவின் கடற்கரைச் சாலையில் அவன் எதிரே வந்தால் டாக்சிக்காரர்கள்கூட ஒரு கணம் வேகத்தைக் குறைப்பார்கள். அந்த உடம்பைக் கொண்டுவந்து, நில அளவைப் பிரிவின் மாடிக் கூடத்தில், பள்ளிப் பிள்ளைக்குச் செய்தது போன்ற ஒரு மேசைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார்கள்.

வேலை ஒன்றும் பாரம் தூக்கும் வேலை இல்லை. அந்தக் காலத்து நில வரைபடங்களைக் கணினித் திரையில் விரித்து, ஒவ்வொரு எல்லைக்கோட்டின் மேலும் மவுஸை நகர்த்திப் புதுக்கோடு போட வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் ஒரு குடும்பத்துத் தென்னை பக்கத்துக் குடும்பத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் இரண்டு தலைமுறை பேசிக்கொள்ளாது. ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வான். முழங்கால் மேசைக்கடியில் நுழையாததால் ஒருக்களித்து உட்காருவான். திரை தாழ்வாக இருந்ததால் கழுத்தைக் கவிழ்த்துக்கொள்வான். ஒருமுறை அப்படி உட்கார்ந்துவிட்டால் மத்தியானம் வரை அசைவு கிடையாது.

"அண்ணே, நீங்க மேசை முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களா, இல்ல மேசையையே மாட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்பாள் பக்கத்து மேசை லோசா. வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் காலையில் தான் வாங்கும் பன்னில் பாதியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

வலி முதலில் கீழ்முதுகில் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்தது. பிறகு இடுப்புக்கு இறங்கி, பின்தொடை வழியாக முழங்கால் வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டியது. எழுந்து நாலு எட்டு நடந்தால் கம்பி தளர்கிறது என்பது அவனுக்கே தெரியும். ஆனால் எழுந்திருக்க முடியாத இடத்தில் அவன் இருந்தான்.

கூடத்துக்கு ஒரே வாசல். வாசலை ஒட்டிப் பிரிவின் தலைவி துய்லோமாவின் மேசை. அவருடைய சொந்தப் பெயர் எசேத்தா. ஊரில் குடும்பத் தலைமைப் பட்டம் ஏற்ற நாளிலிருந்து பட்டப்பெயரே பெயராகிவிட்டது. சின்ன உருவம். நரைத்த கொண்டையில் ஒரு சிவப்புப் பூ. நாற்காலியில் அமர்ந்தால் கால் பாதி அந்தரத்தில் தொங்கும். அவருடைய ஊர்தான் ஃபலனிக்கோவின் மனைவி மெலேயின் ஊர்.

பட்டம் ஏற்றவர் அமர்ந்திருக்கையில் அவர் தலைக்கு மேலே நிற்பது சமோவாவில் யாரும் செய்கிற காரியமில்லை. குறுக்கே போக வேண்டியிருந்தால் உடம்பைத் தாழ்த்தி, "துலோ" என்று மெல்ல மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடக்க வேண்டும். தண்ணீர்க் குடம், அச்சு இயந்திரம், கழிவறை எல்லாமே வாசலுக்கு அப்பால். மற்றவர்கள் லேசாக முதுகை வளைத்துக் கடந்துவிடுவார்கள். ஃபலனிக்கோ துய்லோமாவின் தலைக்குக் கீழே வர வேண்டுமென்றால் இரண்டாக மடிய வேண்டும். மடிந்தால் அந்தக் கம்பி சுண்டும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை.

தாகத்தை அடக்கிக்கொண்டால் போகவே வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதை விட்டான். வீட்டிலும் சொல்லவில்லை. ரக்பி மைதானத்தில் விலா எலும்பு விரிசலோடு ஆட்டத்தை முடித்தவன், ஒரு நாற்காலி தன்னைச் சாய்த்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வான்?

உடம்பு அதைத் தானே சொல்லிவிட்டது, அதுவும் பஸ்ஸில். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ். மரப்பெஞ்சுகளில் இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போகிற நேரம். ஃபலனிக்கோவின் மடி அந்த வழித்தடத்தில் பிரசித்தம். அன்று அதில் சந்தைக் கூடையோடு ஒரு பெரியம்மா சௌகரியமாக அமர்ந்திருந்தார். ஊர் வந்தது. பெரியம்மா எழுந்தார். ஃபலனிக்கோ எழவில்லை.

"எறங்குப்பா, உன் ஊருதான்" என்றார் டிரைவர்.

"எறங்கத்தான் பார்க்கறேன்."

இடுப்புக்குக் கீழே எல்லாம் யாருடையதோ போல் இருந்தது. பஸ்ஸில் அலறிய பாட்டை நிறுத்தினார்கள். நாலு பேர் கை கொடுத்து இறக்கினார்கள். ஒருவன் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா, பியானோ எறங்குது" என்றான். பஸ்ஸே சிரித்தது. ஃபலனிக்கோவும் சிரித்தான், கண்ணில் நீர் முட்ட. சாலையோரத்தில் காத்திருந்த மெலே சிரிக்கவில்லை.

"எத்தன நாளா இது?"

"இப்பத்தான்."

"பொய் சொல்றப்ப நீங்க மூக்கச் சொறிவீங்க. திங்கக்கெழம மொதல்ல ஆஸ்பத்திரி. வேலையெல்லாம் அப்புறம்தான்."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவள் அகெனேசே என்கிற கண்டிப்பான பெண். திரைத்துணிகளால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்திப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ எந்திரிப்பீங்க?"

"காலையில வந்து உட்காருவேன். சாப்பாட்டுக்கு எந்திரிப்பேன். அப்புறம் வீட்டுக்கு."

"நடுவுல?"

"நடுவுல வேலை பார்ப்பேன்."

அவள் பேனாவை மூடினாள். "எலும்புக்கு ஒண்ணும் ஆகல. ஓடின உடம்ப ஒரே எடத்துல கட்டிப்போட்டுட்டீங்க, அது கோவிச்சுக்கிச்சு. மேசைய உசத்துங்க. பாதம் முழுசா தரையில படட்டும். திரை கண்ணுக்கு நேரா இருக்கட்டும். தண்ணி குடிங்க. முக்கியமா, அரைமணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு கொஞ்சம் நடங்க, தோளச் சுத்துங்க. இவ்வளவுதான். மாத்திரை கேட்டாலும் தர மாட்டேன்."

"மத்ததெல்லாம் செஞ்சுரலாம். எந்திரிக்கிறது மட்டும் ஆகாது."

"யாரு எந்திரிக்கக் கூடாதுன்னது?"

"யாரும் சொல்லல. சொல்லணுமா? வாசல்ல எங்க ஆபீஸ் தலைவியம்மா உட்கார்ந்திருக்காங்க. என் பொண்டாட்டி ஊர்ப் பட்டக்காரங்க. அவங்க உட்கார்ந்திருக்கறப்ப நான் பனைமரம் மாதிரி நின்னுக்கிட்டு கையக் கால ஆட்டினா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போறது?"

"அவங்ககிட்டயே சொல்லிப் பாருங்களேன்."

"என்னன்னு சொல்ல? உங்க தலைக்கு மேல நிக்கணும், அனுமதி குடுங்கன்னா?"

பக்கத்துத் திரைத்துணிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அது, ஃபலனிக்கோவா?"

அவன் அந்தக் குரலை எட்டு வருடமாகத் தினமும் காலையில் கேட்டிருக்கிறான். அகெனேசே துணியை விலக்கினாள். கட்டிலில் துய்லோமா மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கால்களையும் மூன்று தலையணைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கணுக்கால்கள் வேகவைத்த சேப்பங்கிழங்கு போல உருண்டிருந்தன. உள்ளங்கால்கள் நேராக அவன் முகத்தைப் பார்த்தன.

ஃபலனிக்கோ பதறி எழுந்து, "துலோ" என்று குனியப் போனான். பாதியில் மாட்டிக்கொண்டான். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

"குனியாத, குனியாத" என்றார் துய்லோமா. "இங்க என்ன பட்டம்? பாரு, நான் இருக்கற லட்சணத்த. உனக்கு உள்ளங்கால நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

அகெனேசே அவனை மெல்லப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு துய்லோமாவே சொன்னார்:

"சாயங்காலம் ஆனா செருப்புக்குள்ள கால் போகல. நாள் முழுக்க தொங்கவிட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்ல, ரத்தமெல்லாம் கீழயே தங்கிருதாம்."

"நீங்க எந்திரிச்சு நடக்கலாமே, அம்மா. உங்களுக்கு யாரு தடை?" என்றான் ஃபலனிக்கோ.

"நீங்கதான்."

"நாங்களா?"

"நான் எந்திரிச்சா கூடமே வேலைய விட்டுட்டு என்னையப் பார்க்குது. தண்ணிக்குப் போனா நாலு பேரு டம்ளரோட வர்றீங்க. ஜன்னல் பக்கம் போனா, அம்மா ஏதோ சொல்லப்போறாங்கன்னு மூச்சப் புடிக்கிறீங்க. நீ ஒருத்தன் இருக்கியே, நான் அசைஞ்சாலே மேசைக்குள்ள இன்னும் கொஞ்சம் இறங்கிடுற. கோடு கோணலாப் போயிருமேன்னு பயந்து நான் உட்கார்ந்த எடத்துலயே இருந்துட்டேன்."

அகெனேசே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். துய்லோமாவின் தோள் குலுங்கியது. கடைசியில் ஃபலனிக்கோவும் சிரித்தான். சிரிக்கையில் முதுகு சுண்டியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அதன்பிறகு அகெனேசே இருவரையும் சுவரோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். சுவரில் கையூன்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். துய்லோமாவின் கொண்டைப் பூ அவனுடைய முழங்கைக்குக் கொஞ்சம் மேலே ஏறி ஏறி இறங்கியது. அவர் அருகில் முதுகை வளைக்காமல் அவன் நின்றது அன்றுதான் முதல் தடவை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல காத்து எப்படி இருக்கு?" என்றார் துய்லோமா.

"நல்லா வருதும்மா."

"ம். இத்தன நாளும் நீ மட்டும் அனுபவிச்சிருக்க."

அதற்கு அடுத்த திங்கட்கிழமை துய்லோமா வழக்கத்தைவிட முன்னதாக வந்தார். பின்கட்டில் பழைய தளவாடங்கள் கிடக்கும் அறையைத் திறக்கச் சொன்னார். கணினி வருவதற்கு முன்னால் அளவையாளர்கள் நின்றபடியே வரைபடம் போட்ட உயரமான சாய்வு மேசை ஒன்று அங்கே தூசு படிந்து கிடந்தது. ஃபலனிக்கோ பழக்கத்தில் கை வைக்கப் போனான். "நீ தொடாத" என்றார். நாலு பேர் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டார்கள். பலகையைச் சமமாக்கி, தன் கணினியை அதன்மேல் வைக்கச் சொன்னார். காலடியில் ஒரு பெட்டியைப் போட்டு ஏறி நின்று வேலையைத் தொடங்கினார்.

கூடத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். விசைப்பலகைச் சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"ஏன் இப்படி ஜெபத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றார் துய்லோமா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். பிறகு திரும்பினார். ஊர்க் கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். அன்று சுருக்கமாகப் பேசினார்.

"என் காலு வீங்குது. ஆஸ்பத்திரியில நிக்கச் சொல்லிட்டாங்க. இனிமே நான் பாதி நேரம் நின்னுதான் வேலை பார்ப்பேன். நான் நிக்கறப்ப நீங்க நின்னா தப்பில்ல. நான் உட்கார்ந்திருக்கறப்ப நீங்க நின்னாலும், எனக்காக வேண்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னு எடுத்துக்குவேன். குறுக்க போறவங்க துலோன்னு வாயால சொன்னாப் போதும், முதுகு வளைய வேண்டாம். தண்ணிக்கு அவங்கவங்க எந்திரிச்சுப் போங்க. எனக்கும் யாரும் கொண்டாராதீங்க."

ஃபலனிக்கோவின் பெயரை அவர் சொல்லவில்லை. அவன் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் தன் காலின் மேல் போட்டுக்கொண்டார். அது அவனுக்கு மட்டும் புரிந்தது.

அப்படியும் யாரும் அசையவில்லை. நிற்கவும் கூச்சம், உட்காரவும் கூச்சம்.

"ஃபலனிக்கோ, நீ மொதல்ல தண்ணி குடிச்சிட்டு வா."

"அம்மா, நான் நின்னா ரொம்ப..."

"நீ உட்கார்ந்திருக்கறப்பவே நான் நிக்கிற உசரம் இருப்ப. அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நின்னா இன்னும் கொஞ்சம் கூடுதல். போ."

முதலில் லோசாதான் சிரித்தாள். பிறகு கூடமே கலகலத்தது. ஃபலனிக்கோ முதுகு நிமிர்ந்து அந்தக் கூடத்தின் குறுக்கே நடந்து, வாசலில் அவர் பக்கம் திரும்பி "துலோ" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை நின்ற வாக்கில் குடித்தான்.

மத்தியானம் லோசாவும் காவல்காரரும் எங்கிருந்தோ கான்கிரீட் கற்களைக் கொண்டுவந்து அவன் மேசைக் கால்களுக்கு அடியில் கொடுத்தார்கள். திரைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. முழங்கால்கள் முதல்முறையாக மேசைக்குள் நுழைந்தன.

"இந்த உசரத்துக்கு அளவெடுத்தாச்சு அண்ணே. இனிமே நீங்க வளரக் கூடாது."

வலி உடனே விட்டுப்போய்விடவில்லை. முதல் வாரம் முன்னைவிட அதிகமாகவே படுத்தியது. கோடு போடுகிற மும்முரத்தில் அவன் பழையபடி கழுத்தைக் கவிழ்த்துக்கொள்வான். லோசா ரப்பர் துண்டை எடுத்து அவன் தோளில் எறிவாள். எறிந்த ரப்பரை எடுக்க அவளே எழுந்து வர வேண்டும். "எனக்கும் நடை ஆச்சு" என்பாள். அலுவலகம் நெடுக ஆட்கள் எழுவதும் கை நீட்டுவதும் கழுத்தைத் திருப்புவதுமாகப் பழகிப்போனது. ஒருநாள் மேலிடத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, கூடத்தில் பாதிப் பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கினார்.

"என்னம்மா, ஏதும் போராட்டமா?"

"ஆமா" என்றார் துய்லோமா. "நாற்காலிய எதிர்த்து."

சாப்பாட்டுக்குப் பிறகு கடல் தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு நடை. துய்லோமா குடை பிடித்து முன்னால் போவார். கொஞ்சம் இடம் விட்டு மற்றவர்கள் பின்னால். டாக்சி நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் ஏதோ சாவு ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அப்புறம் விஷயம் தெரிந்து, "இன்னிக்கு எத்தன கிலோ குறைஞ்சுது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கம்பி தளர்ந்துவிட்டது. சில நாள் காலையில் லேசாக ஞாபகப்படுத்தும். எழுந்து நடந்தால் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், ஃபலனிக்கோ சுடுகல் அடுப்பில் வெந்த பன்றி இறைச்சியும் கிழங்கும், தேங்காய்ப்பாலில் பொதிந்து வேகவைத்த கீரையும் ஓலைக்கூடையில் எடுத்துக்கொண்டு, மைத்துனனின் வண்டியில் துய்லோமாவின் வீட்டுக்குப் போனான். சும்மா கொடுத்துவிட்டு வர முடியாது. பட்டக்காரருக்கு நன்றி சொல்வதென்றால் முறைப்படி நாலு வார்த்தை பேச வேண்டும். மெலே இரண்டு நாளாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாயில் அமர்ந்து தொண்டையைச் செருமி, மலைகளையும் முன்னோர்களையும் வணங்கி முதல் வரியைச் சரியாகச் சொன்னான். இரண்டாவது வரி வரவில்லை.

துய்லோமா காத்திருந்தார். அப்படிப் பேசுகிறவரை இடைமறிக்கக் கூடாது. கடலில் அலை வந்து வந்து போனது.

"எனக்கு வரலைம்மா" என்றான் கடைசியில். "போன வாரம் எங்க சின்னப் பொண்ணு, என் தோள்ல ஏறி ஈரப்பலா பறிக்கணும்னு கேட்டா. ரொம்ப நாளா அவ கேட்கறதே இல்ல. கேட்டா அப்பாவுக்கு வலிக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க யாரும் சொல்லல, அவளே தெரிஞ்சு வெச்சிருந்திருக்கா. போன வாரம் கேட்டா. ஏத்தி நிறுத்தினேன். மூணு காய் பறிச்சா. அதான் சொல்ல வந்தேன்."

துய்லோமா கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்றேன். பட்டம் வாங்கின நாள்ல இருந்து எனக்குப் பின்னாடி வர்றவங்க உண்டு. முன்னாடி ஓடிப்போய்க் கதவத் தொறக்கறவங்க உண்டு. பக்கத்துல நிக்கிறவங்க கெடையாது. எங்க வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரிச் சுவத்துல கைய வெச்சுக்கிட்டு நீ நின்ன பாரு, பயந்துக்கிட்டே. எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? நன்றி நான்தான் சொல்லணும்."

ஃபலனிக்கோ தலையைக் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, அழுதது போதும்" என்று அவர் கூடையைத் திறந்தார். ஆவி எழும்பியது. "அடப்பாவி, இத்தனையா? இதெல்லாம் தின்னா நான் மறுபடியும் எந்திரிக்கவே மாட்டேன். உட்காரு, நீயும் சேர்ந்து சாப்பிடு. மெலே கீரைக்கு வெங்காயம் கொஞ்சம் கூடுதலாப் போடுவா. எங்க ஊர்க் கைப்பக்குவம் அது."

சாப்பிட்டு முடித்ததும் மைத்துனன் வண்டியை எடுத்துவர எழுந்தான். "அவன் முன்னாடி ஓட்டிட்டுப் போகட்டும். நான் முனை வரைக்கும் உன்கூட நடந்து வரேன்" என்றார் துய்லோமா.

ஞாயிற்றுக்கிழமைச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வீடுகளில் எல்லோரும் உண்ட களைப்பில் படுத்திருந்தார்கள். ஒரு நாய் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் கீரையைப் பற்றியும், ஜன்னலோர மேசைக்கு இன்னும் கொஞ்சம் உயரமான பெட்டி வேண்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். ஃபலனிக்கோ அவருடைய நடைக்குத் தக்கபடி தன் எட்டுகளைச் சுருக்கி, அவர் பக்கத்திலேயே நடந்தான்.